எந்தக் கார்டில் எந்த இணைப்பு? லினக்ஸ் அட்மின் தெரிந்திருக்க வேண்டிய தேர்வு வரிசை

"சர்வரை ரீபூட் செய்தோம், ஐபி மாறிவிட்டது." லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் குழுக்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. பெரும்பாலானோர் ஐபியைக் கையால் மாற்றி, டிக்கெட்டை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த ரீபூட்டில் அதே டிக்கெட் திரும்ப வரும். காரணத்தைப் பிடித்து ஒரே தடவையில் தீர்த்து வைப்பவரின் பெயர்தான் குழுவில் நிற்கும்.

ரெட் ஹாட், ஃபெடோரா, உபுண்டு டெஸ்க்டாப், 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பு முதல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று பல இடங்களிலும் இணைப்புகளை ஆள்வது நெட்வொர்க்மேனேஜர். 2004இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கிய மென்பொருள் இது. கணினியில் இரண்டு லான் கார்டும் நாலைந்து ப்ரொஃபைலும் இருந்தால், எதை எதோடு சேர்ப்பது என்று அது எப்படி முடிவு செய்கிறது? இதற்குத் தெளிவான விதிகள் உண்டு. அவற்றை அறிந்தவருக்கு இந்த மென்பொருளின் நடத்தையில் மர்மம் எதுவும் இல்லை.

இந்தக் கட்டுரையில் நெட்வொர்க்மேனேஜரின் கட்டளைக் கருவியான என்எம்சிஎல்ஐக்குத் தரும் கட்டளைகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டையும் பிரித்துப் பாருங்கள்

டிவைஸ் என்பது கார்டு. இஎன்எஸ்192, இஎன்பி3எஸ்0, டபிள்யூஎல்பி2எஸ்0 என்று கெர்னலும் சிஸ்டம்டியும் பெயர் வைத்திருக்கும் அந்த வன்பொருள். ப்ரொஃபைல் என்பது வட்டில் கிடக்கும் ஒரு கோப்பு. எந்த ஐபி, எந்த கேட்வே, எந்த டிஎன்எஸ், எந்த வைஃபை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு கார்டுக்குப் பத்து ப்ரொஃபைல் பொருந்தலாம். ஒரு ப்ரொஃபைலுக்கு இரண்டு கார்டும் பொருந்தலாம். ஆனால் ஒரு கார்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ப்ரொஃபைல்தான் ஓடும். சிக்கல்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் ப்ரொஃபைலின் பெயரைக் கார்டின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இஎன்எஸ்192 என்று பெயர் வைத்த ப்ரொஃபைல், இஎன்எஸ்192 கார்டில்தான் ஏறும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தப் பெயர் நம் வசதிக்கு வைத்த வெறும் அடையாளம். உள்ளே இன்டர்ஃபேஸ்-நேம் என்ற புலத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் மென்பொருள் பார்க்கும்.

கேள்வி நான்கு விதமாக வரும்

எந்தக் கார்டில் எது ஏறும் என்பது, நீங்கள் எதைச் சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

1. ப்ரொஃபைலையும் கார்டையும் சொல்கிறீர்கள். "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அப்" என்று தொடங்கி ப்ரொஃபைல் பெயரையும், "இஃப்நேம்" என்று போட்டுக் கார்டின் பெயரையும் கொடுக்கிறீர்கள். மென்பொருளுக்குத் தேர்வு வேலை இல்லை. பொருந்துமா என்று மட்டும் பார்க்கும். பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

2. ப்ரொஃபைலை மட்டும் சொல்கிறீர்கள். கார்டை மென்பொருள் தேடும்.

3. கார்டை மட்டும் சொல்கிறீர்கள். "என்எம்சிஎல்ஐ டிவைஸ் அப்" என்று தட்டிக் கார்டின் பெயரைக் கொடுத்தால் ப்ரொஃபைலை மென்பொருள் தேடும். தானாக இணையாதே என்று நீங்கள் குறித்து வைத்த ப்ரொஃபைல்களையும் இந்தத் தேடலில் அது கணக்கில் எடுக்கும். எதுவுமே பொருந்தவில்லை என்றால் இயல்பு அமைப்புகளோடு புதிய ப்ரொஃபைல் ஒன்றைத் தானே உருவாக்கி ஓட்டிவிடும். பட்டியலில் யாரும் போடாத ப்ரொஃபைல் ஒன்று கிடந்தால், அது வந்த வழிகளில் இது ஒன்று.

4. எதையும் சொல்லவில்லை. கணினி பூட் ஆகிறது, அல்லது யாரோ கேபிளைச் செருகுகிறார்கள். அப்போது நடப்பது ஆட்டோகனெக்ட். ஒவ்வொரு கார்டுக்கும் ஏற்ற ப்ரொஃபைல் எது என்று மென்பொருள் தேடும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் இந்த நான்கில் எது நடந்தது என்று முதலில் கேளுங்கள். பாதித் துப்பு அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

முதல் கட்டம்: பொருத்தம்

எந்த வழியில் வந்தாலும் முதலில் நடப்பது வடிகட்டல். ஜாதகத்தில் பொருத்தம் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு என்பது போல, இதில் தேறாத கார்டு அடுத்த கட்டத்துக்கே போகாது. பார்க்கப்படுபவை இவை:

வகை: ஈதர்நெட் ப்ரொஃபைல் வைஃபை கார்டில் ஏறாது.

இன்டர்ஃபேஸ்-நேம்: இதில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அந்தக் கார்டு மட்டும்தான். வெறுமையாக இருந்தால் எந்தக் கார்டும் சரி.

மேக் முகவரி: ப்ரொஃபைலில் மேக் எழுதியிருந்தால், அந்த நிரந்தர முகவரி உள்ள கார்டு மட்டும்தான்.

மேட்ச் புலங்கள்: கார்டின் பெயர் வடிவம், டிரைவர், பிசிஐ பாதை ஆகியவற்றை வைத்துப் பொருத்தலாம். மேட்ச்சில் உள்ள பெயர்ப் புலத்தில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு குடும்பப் பெயர்களையே பிடிக்கலாம். இன்டர்ஃபேஸ்-நேம் புலத்தில் அது செல்லாது.

கார்டின் நிலை: நெட்வொர்க்மேனேஜரின் ஆளுகைக்கு வெளியே இருக்கிறதா, கேபிள் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். நிலைகளுக்கு எண்கள் உண்டு. 10 என்றால் ஆளுகையில் இல்லை. 20 என்றால் தயாராக இல்லை. 30 என்றால் தயார், ஆனால் இணைப்பு இல்லை. 100 என்றால் இணைந்துவிட்டது. "என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஷோ" தரும் வெளியீட்டில் ஜெனரல்-ஸ்டேட் வரியில் இந்த எண் தெரியும்.

வைஃபையில் இன்னொன்றும் உண்டு. தானாக இணைய வேண்டுமென்றால் அந்த எஸ்எஸ்ஐடி ஸ்கேனில் தென்பட வேண்டும். மறைக்கப்பட்ட நெட்வொர்க் என்றால் அதை ப்ரொஃபைலில் குறித்திருக்க வேண்டும்.

பிரிட்ஜ், பாண்ட், விலான் போன்ற மென்பொருள் கார்டுகளின் கதை வேறு. அவை முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை. ப்ரொஃபைலில் எழுதியுள்ள இன்டர்ஃபேஸ்-நேமை வைத்து நெட்வொர்க்மேனேஜரே அவற்றை உருவாக்கும்.

பொருத்தம் தவறினால் வரும் பிழைச் செய்தியை முழுவதும் படியுங்கள். "ஏற்ற டிவைஸ் கிடைக்கவில்லை" என்ற முதல் பகுதியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள்தான் உண்மைக் காரணம் இருக்கும்: இன்டர்ஃபேஸ் பெயர் ஒத்துவரவில்லை என்றோ, வேறு என்னவென்றோ அதில் தெளிவாக எழுதியிருக்கும்.

இரண்டாம் கட்டம்: வரிசை

இரண்டு கார்டுகள் தேறிவிட்டன. ப்ரொஃபைலை மட்டும்தான் சொன்னீர்கள். இப்போது எது? இன்றைய பதிப்புகளில் இணைப்பில்லாமல் சும்மா நிற்கும் கார்டுக்குத்தான் முதலிடம். அது இல்லையென்றால், ஏற்கனவே வேறு இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் கார்டு. அதற்கும் கீழேதான், பொருத்தத்தில் தேறியிருந்தால், தயாராக இல்லாத கார்டும், ஆளுகையில் இல்லாத கார்டும்.

இந்த வரிசையில் ஒளிந்திருக்கும் ஆபத்தை நடப்பில் பாருங்கள். ஒரு சர்வரில் இஎன்எஸ்192 என்ற கார்டில் உற்பத்திச் சேவை ஓடுகிறது. நீங்கள் எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்திருப்பதும் அதே வழியாகத்தான். இஎன்எஸ்224 சோதனைக்கு ஒதுக்கிய கார்டு. அதற்கென்று ஒரு ப்ரொஃபைல் எழுதுகிறீர்கள். இன்டர்ஃபேஸ்-நேமை வெறுமையாக விட்டுவிடுகிறீர்கள். "கனெக்ஷன் அப்" தட்டுகிறீர்கள். அந்த நேரம் பார்த்து இஎன்எஸ்224இன் கேபிள் கழன்றிருக்கிறது. கேபிள் இல்லாத கார்டைவிட ஓடும் கார்டு வரிசையில் மேலே இருப்பதால், சோதனை ப்ரொஃபைல் இஎன்எஸ்192இல் ஏறி, அங்கே ஓடிய இணைப்பை இறக்கிவிடும். திரை உறைந்து நிற்கும். சேவையும் போய்விட்டது, உள்ளே நுழையும் வழியும் போய்விட்டது.

மென்பொருள் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. நீங்கள் சொல்லாமல் விட்டதை அது தன் வரிசைப்படி நிரப்பிக்கொண்டது, அவ்வளவுதான். தேறிய கார்டுகள் சம நிலையில் நிற்கும்போது எது முந்தும் என்பதை நம்பி எதையும் கட்டாதீர்கள். கார்டு முக்கியம் என்றால் அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ப்ரொஃபைல் ஏற்கனவே ஒரு கார்டில் ஓடிக்கொண்டிருந்தால், கார்டைச் சொல்லாமல் மறுபடி "அப்" கொடுக்கும்போது அதே கார்டிலேயே இறங்கி ஏறும். இயல்பு அமைப்பில் ஒரு ப்ரொஃபைல் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் ஓடும். வேறு கார்டின் பெயரைச் சொன்னால் பழைய இடத்திலிருந்து இறங்கிவிடும். ஒரே ப்ரொஃபைல் பல கார்டுகளில் ஓட வேண்டுமென்றால் மல்டி-கனெக்ட் புலத்தை மாற்ற வேண்டும்.

ஆட்டோகனெக்ட்: ரீபூட்டில் ஐபி மாறுவது இங்கேதான்

பூட் ஆகும்போது கார்டு தனக்குரிய ப்ரொஃபைலைத் தேடுகிறது. ஆட்டோகனெக்ட் "யெஸ்" என்றுள்ள ப்ரொஃபைல்கள் மட்டும் போட்டிக்கு வரும். அது இயல்பாகவே "யெஸ்" என்பதால் நீங்கள் உருவாக்கும் எல்லா ப்ரொஃபைலும் போட்டியில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியை முதலில் தீர்மானிப்பது ஆட்டோகனெக்ட்-பிரயாரிட்டி. -999 முதல் 999 வரை கொடுக்கலாம். பெரிய எண்தான் வெல்லும். யாரும் எதுவும் எழுதாவிட்டால் எல்லாவற்றுக்கும் 0. சமமாக நின்றால், கடைசியாகப் பயன்பட்ட ப்ரொஃபைல் வெல்லும்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன டிக்கெட்டின் விடை அந்தக் கடைசி விதியில்தான் இருக்கும். நிலையான ஐபி கொண்ட ப்ரொஃபைல் மாதக்கணக்கில் ஓடுகிறது. ஒரு நாள் யாரோ ஒருவர் டிஹெச்சிபி ப்ரொஃபைல் ஒன்றைப் போட்டுச் சோதிக்கிறார். சோதனை முடிந்ததும் பழைய ப்ரொஃபைலுக்குத் திரும்பாமல், சர்வரை அப்படியே நிறுத்திவிட்டுப் போகிறார். இரண்டுக்கும் பிரயாரிட்டி 0. அடுத்த பூட்டில் கடைசியாகப் பயன்பட்டது எதுவோ அதுதான் ஏறும். ஐபி மாறிவிட்டது என்று புகார் வரும். இந்த நேரப் பதிவுகளை நெட்வொர்க்மேனேஜர் வார்-லிப் அடைவின் கீழ் தன் சொந்த அடைவில் டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற கோப்பில் வைத்திருக்கிறது. ரீபூட் ஆனாலும் அது மறக்காது.

தீர்வு எளிது. உற்பத்தி ப்ரொஃபைலுக்குப் பிரயாரிட்டி 100 கொடுங்கள். சோதனை ப்ரொஃபைலுக்கு ஆட்டோகனெக்ட் "நோ" வையுங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

இணைய முயன்று தோற்றால் என்ன? இயல்பாக நான்கு முறை முயலும். பிறகு அந்த ப்ரொஃபைலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஓர் இடைவெளிக்குப் பின் மீண்டும் முயலும். விடாமல் முயல வேண்டுமென்றால் ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் புலத்தில் 0 எழுதுங்கள்.

டவுன், டிஸ்கனெக்ட்: இரண்டும் ஒன்றல்ல

"கனெக்ஷன் டவுன்" கொடுத்தால் அந்த ப்ரொஃபைல் இறங்கும். தானாக மறுபடி ஏறாதபடி அது தடுக்கப்படும். ஆனால் கார்டு சும்மா நிற்காது. ஆட்டோகனெக்ட் உள்ள வேறு ப்ரொஃபைல் பொருந்தினால் அடுத்த நொடியே அது ஏறிவிடும். "டவுன் கொடுத்தேன், வேறு ஐபியோடு கார்டு மறுபடி எழுந்துவிட்டது" என்று குழம்புபவர்களுக்கு நடந்தது இதுதான்.

கார்டே ஓய வேண்டுமென்றால் "டிவைஸ் டிஸ்கனெக்ட்" கொடுங்கள். நீங்கள் கைவைக்கும்வரை அந்தக் கார்டில் எதுவும் தானாக ஏறாது. பெரும்பாலான பராமரிப்பு வேலைகளுக்கு உங்களுக்குத் தேவை இதுதான்.

குளோன் சர்வரின் குழப்பம்

மெய்நிகர் சர்வர்களைக் கையாளும் குழுக்கள் கண்டிப்பாகச் சந்திக்கும் சிக்கல் ஒன்று. மூலச் சர்வரின் ப்ரொஃபைலில் மேக் முகவரி எழுதியிருக்கிறது. அதைக் குளோன் செய்கிறீர்கள். புதிய சர்வருக்குப் புதிய மேக் கிடைக்கிறது. பழைய ப்ரொஃபைல் எந்தக் கார்டிலும் பொருந்தாது. ப்ரொஃபைல் இல்லாத ஈதர்நெட் கார்டைக் கண்டதும் நெட்வொர்க்மேனேஜர் "வயர்டு கனெக்ஷன் 1" என்ற பெயரில் டிஹெச்சிபி ப்ரொஃபைல் ஒன்றைத் தானே உருவாக்கி ஏற்றிவிடும். சர்வர் இயங்கும், ஆனால் எதிர்பாராத முகவரியில்.

குளோன் எடுக்கப்போகும் மூலச் சர்வரில் மேக் முகவரியை நீக்கிவிட்டு இன்டர்ஃபேஸ்-நேமை மட்டும் எழுதுங்கள். தானாக ப்ரொஃபைல் உருவாக்கும் பழக்கத்தை நிறுத்த அமைப்புக் கோப்பில் நோ-ஆட்டோ-டிஃபால்ட் என்ற வரி உண்டு. ரெட் ஹாட் குடும்பத்தில் நெட்வொர்க்மேனேஜர்-கான்ஃபிக்-சர்வர் என்ற தொகுப்பை நிறுவினால் அந்த வரி தானாகவே வந்துவிடும்.

நேர்மாறாக, கார்டின் பெயர் மாறக்கூடிய பௌதிகச் சர்வர்களில் மேக் முகவரியே நம்பகமான அடையாளம். கார்டை வேறு ஸ்லாட்டில் செருகினால் பெயர் மாறும், மேக் மாறாது. எந்தச் சூழலுக்கு எந்த அடையாளம் என்று யோசித்து எழுதுபவர்தான் தேர்ந்த அட்மின்.

டிக்கெட் வந்ததும் செய்ய வேண்டியவை

1. "என்எம்சிஎல்ஐ டிவைஸ்" தட்டிக் கார்டுகளின் நிலையைப் பாருங்கள்.

2. "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ" கட்டளையில், ஹைஃபன் எஃப் போட்டு, பெயர், வகை, ஆட்டோகனெக்ட், பிரயாரிட்டி, கடைசியாகப் பயன்பட்ட நேரம், டிவைஸ் ஆகிய புலங்களைக் கேளுங்கள். போட்டி முழுவதும் ஒரே அட்டவணையில் தெரியும்.

3. "என்எம்சிஎல்ஐ ஹைஃபன் எஃப் கனெக்ஷன்ஸ் டிவைஸ் ஷோ" தட்டுங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தற்போது பொருந்தும் ப்ரொஃபைல்களை மென்பொருளே பட்டியல் போட்டுக் காட்டும். ஊகத்துக்கு இனி வேலையில்லை. பலருக்குத் தெரியாத இந்த ஒரு கட்டளை, அரைமணி நேர விவாதத்தை முடித்துவைக்கும்.

4. ஜர்னல்-கன்ட்ரோலில் நெட்வொர்க்மேனேஜரின் பதிவைப் படியுங்கள். எந்த நேரத்தில் எந்த ப்ரொஃபைல் எந்தக் கார்டில் ஏறியது, தானாக ஏறியதா, யாராவது ஏற்றினார்களா என்பது அதில் இருக்கும்.

5. கோப்பைக் கையால் திருத்தியிருந்தால் "கனெக்ஷன் ரீலோட்" கொடுத்தார்களா என்று பாருங்கள். கோப்பு ரூட் வசம், பிறர் படிக்க முடியாத அனுமதியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நெட்வொர்க்மேனேஜர் அதைக் கண்டுகொள்ளாது.

6. "கனெக்ஷன் மாடிஃபை" செய்த மாற்றம் கோப்பில் ஏறிவிட்டாலும், ஓடும் இணைப்பில் தானாக இறங்காது. மறுபடி "அப்" அல்லது "டிவைஸ் ரீஅப்ளை" கொடுக்க வேண்டும்.

தொலைவில் உள்ள சர்வரில் கை வைக்கும் முன்

தொலைவிலிருந்து நெட்வொர்க்கை மாற்றும்போது வழி அறுந்துபோகும் அபாயம் எப்போதும் உண்டு. புதிய பதிப்புகளில் "என்எம்சிஎல்ஐ டிவைஸ் செக்பாயின்ட்" இருக்கிறது. மாற்றும் கட்டளையை அதன் வழியாக ஓட்டினால், முடிந்ததும் உங்களிடம் உறுதி கேட்கும். இணைப்பு அறுந்து உங்களால் பதில் தர முடியாமல் போனால், குறித்த நேரத்துக்குப் பின் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நேர வரம்பைத் தாராளமாக வையுங்கள். கன்சோல் வழி இருக்கிறதா என்பதையும் மாற்றத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் எப்படிச் சொல்வது

ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வு முழுக்க முழுக்கச் செய்முறைத் தேர்வு. நீங்கள் அமைத்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இன்டர்வியூக்களிலும் அந்தக் கோணத்தில்தான் கேட்பார்கள். சில கேள்விகளுக்கு இப்படித் தயாராகுங்கள்.

"இரண்டு ப்ரொஃபைல் ஒரே கார்டுக்குப் பொருந்தினால் பூட்டில் எது ஏறும்?" ஆட்டோகனெக்ட் உள்ளவற்றில் பிரயாரிட்டி அதிகமுள்ளது, சமமானால் கடைசியாகப் பயன்பட்டது. நேரே இதைச் சொல்லுங்கள்.

"கார்டின் பெயரைச் சொல்லாமல் ஒரு ப்ரொஃபைலை எழுப்பினால்?" முதலில் பொருத்தம், பிறகு சும்மா நிற்கும் கார்டுக்கு முன்னுரிமை, அது இல்லையென்றால் ஓடும் கார்டிலேயே ஏறக்கூடும் என்று சொல்லுங்கள். "அதனால் உற்பத்திச் சர்வரில் இஃப்நேம் இல்லாமல் நான் அப் கொடுப்பதில்லை" என்று சேர்த்துச் சொன்னால், பொறுப்பை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை கேட்பவருக்கு வரும்.

"டவுனுக்கும் டிஸ்கனெக்டுக்கும் என்ன வித்தியாசம்?" மேலே உள்ள பத்தியை ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் அடித்துவிடாதீர்கள். பொருந்தும் ப்ரொஃபைல்களைக் காட்டும் கட்டளையும் ஜர்னலும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து உறுதிசெய்வேன் என்று சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

குழுவுக்கு ஓர் ஒழுங்கு

தனியாளின் திறமை மட்டும் போதாது. குழுவே ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். ப்ரொஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது கார்டின் பெயரை வைக்காமல் அதன் பயனை வையுங்கள்: ப்ரொடக்ஷன், பேக்கப், மேனேஜ்மென்ட். கார்டின் பெயர் இன்டர்ஃபேஸ்-நேம் புலத்தில் இருக்கட்டும். ஸ்கிரிப்ட்களில் ப்ரொஃபைலைப் பெயரால் அழைக்காமல் யுயுஐடியால் அழையுங்கள். ஒரே பெயரில் இரண்டு ப்ரொஃபைல் இருக்க நெட்வொர்க்மேனேஜர் அனுமதிக்கிறது, யுயுஐடியில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் குறிப்பில், எந்தக் கார்டில் எந்த ப்ரொஃபைல் ஓட வேண்டும் என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். சோதனை முடிந்ததும் சோதனை ப்ரொஃபைலை நீக்குவது சோதித்தவரின் பொறுப்பு என்று எழுதியே வையுங்கள்.

இன்றே உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு சர்வரை எடுத்து அதன் ப்ரொஃபைல்களைப் பட்டியலிடுங்கள். இன்டர்ஃபேஸ்-நேமும் மேக்கும் வெறுமையாக உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுங்கள்: கார்டோடு கட்டுங்கள், ஆட்டோகனெக்டை நிறுத்துங்கள், அல்லது நீக்குங்கள். நீங்கள் எடுக்காத முடிவை அடுத்த ரீபூட்டில் மென்பொருள் எடுக்கும்.